தவிட்டுக்கு வாங்கின புள்ள

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. தவிட்டம்மான்னு பேரு. சிரிக்காதே, பேரே அதுதான். அப்பாவும் அம்மாவும் ஒரே காய்ச்சல்ல போயிட்டாங்க. அழுத கண்ணு காயல, அதுக்குள்ள சித்தப்பன் வந்து வீட்டுக்குள்ள சம்மணம் போட்டு உக்காந்துட்டான். ம் சொல்லு.

"உன் பேரு என்ன? தவிட்டம்மா! உன்னைத் தவிட்டுக்கு வாங்கினாங்கடி. நீ எங்க அண்ணன் புள்ளையே இல்ல, கிளம்பு"ன்னான். கதவு படார்!

உன்னைக்கூட அப்படிச் சொல்லி அழ வைப்பேன்ல, அது விளையாட்டு. இந்தப் பாவி நெசமாவே சொன்னான். அவளுக்கு வீடு போனதைவிட அதுதான் வலிச்சுது. அப்போ எங்க அம்மா எனக்கு அம்மா இல்லையான்னு தேம்பித் தேம்பி அழுதா.

அப்புறம் பக்கத்து வீட்டுக்குப் போனா. "அவன் வாய்க்கு யாரும்மா பதில் சொல்றது?" படார்! அப்புறம் ஊர்த்தலைவர் வீடு. "பேரே சொல்லுதே தாயி." படார்! தலைவராம் தலைவர்! அப்புறம் ஊர்க்கோடியில, பிரசவம் பார்க்கிற சடைச்சிக் கிழவி வீடு. அந்தக் கதவு மட்டும் கிரீச்சுன்னு திறந்துச்சு.

"ஆயா, என்னை யாருகிட்ட வாங்கினாங்க?"

"என்கிட்டதான்டி! வா என்கூட"ன்னு கிழவி கம்பை எடுத்தா. டொக்கு டொக்கு, டொக்கு டொக்கு. ம்? முழிச்சிருக்கியா? ஊரே பின்னால வந்துடுச்சு.

"ஏண்டா, இவளை யாருகிட்ட வாங்கினாங்க?"ன்னு கிழவி சித்தப்பன்கிட்ட வாசல்ல நின்னு கேட்டா.

"உன்கிட்டதான்! அண்ணி ஒரு முறம் தவிடு குடுத்தாங்க, நானே கண்ணால பார்த்தேன்"னு சித்தப்பன் நெஞ்சை நிமித்தினான்.

"எனக்கு ஏதுடா புள்ள? நான் பெத்தேனா?"

மெல்ல உள்ள நழுவப் பார்த்தான், கிழவி கம்பைக் குறுக்க நீட்டினா.

"மூத்தது ரெண்டும் தங்கல. இதையாவது மதிப்பில்லாத புள்ளைன்னு எமன் விடட்டும்னு, பெத்த புள்ளையை என் கையில குடுத்து, தவிட்டைக் குடுத்துத் திருப்பி வாங்கினா உங்க அண்ணி. தொப்புள்கொடியை அறுத்தவ நான்டா!"

ஊரே கொல்லுன்னு சிரிச்சுது. சித்தப்பன் மூட்டையைத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு போயிட்டான்.

"உனக்கு நல்ல பேரா ஒண்ணு வைக்கலாமா தாயி?"ன்னு தலைவர் குழைஞ்சாரு.

"என்னைச் சாக விடக்கூடாதுன்னு எங்க அம்மா வச்ச பேரு. இதுவே இருக்கட்டும்"னா.

அப்புறம் உள்ள போயி, அவளே கதவைச் சாத்தினா. எங்க அம்மாதான், எங்க அம்மாவேதான்னு சொல்லிக்கிட்டே நிம்மதியா தூங்கிப் போனா. கதையும் கண்ணசந்துடுச்சு, நீயும் தூங்கு.