செங்கண்ணன் கட்டிய சுவர்

மலைச்சோலையின் நடுவே உயரமான குங்கிலிய மரம் ஒன்று. அதில் செங்கண்ணன், வெண்மணி என்று ஓர் இருவாச்சிப் பறவைத் தம்பதி குடியிருந்தது. இருவருக்கும் நீண்ட மஞ்சள் அலகு. அலகின் மேல் ஒரு கொம்பு. செங்கண்ணனின் கொம்பு கொஞ்சம் அளவுக்கு மீறியே பெரிது.

அதனால் வெண்மணி அவனை "மண்டைக்கொம்பா!" என்றுதான் கூப்பிடுவாள். கொஞ்சுவதற்கும் அதே பெயர், திட்டுவதற்கும் அதே பெயர். எப்போது எது என்று செங்கண்ணனுக்கு நன்றாகத் தெரியும். பெரும்பாலும் திட்டுதான்.

இருவாச்சிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசலை மண் பூசி அடைத்துவிடுவார்கள். அலகு நுழைய ஓர் இடுக்கு மட்டும் இருக்கும். அதன் வழியே ஆண் பறவை பழம் ஊட்டும். குஞ்சு வளர்ந்ததும் சுவரை உடைத்துக்கொண்டு தாய் வெளியே வந்துவிடும். செங்கண்ணன் இந்த ஊட்டும் வேலையில் சூரன். ஒரு நாள்கூட அவளைப் பட்டினி போட்டதில்லை.

வருடங்கள் ஓடின. இருவருக்கும் வயதாகிவிட்டது. ஒரு நாள் காலை அத்தி மரத்தில் போய் உட்கார்ந்த வெண்மணி, கிளையைப் பிடிக்க முடியாமல் நழுவினாள். எப்படியோ சிறகடித்துச் சமாளித்துக்கொண்டாள். அன்று பாதிப் பழத்தை அப்படியே மிச்சம் வைத்தாள். வீடு திரும்புவதற்குள் மூன்று மரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

செங்கண்ணன் கீழே எட்டிப் பார்த்தான். செந்நாய்கள் திரிகின்ற காடு அது. விழுந்தால் என்ன ஆவது?

"இனிமே நீ வெளியே வர வேண்டாம். பொந்துக்குள்ளே இரு. எல்லாம் நான் கொண்டாந்து தர்றேன்!" என்றான்.

"நான் என்ன, இந்த வயசுல முட்டையா போடப் போறேன், மண்டைக்கொம்பா?"

"சொன்னாக் கேளு. எனக்காக இரு."

 'எனக்காக' என்றதும் அவள் இணங்கினாள். உள்ளே போய் உட்கார்ந்தாள். செங்கண்ணன் மண்ணையும் பழக்கூழையும் குழைத்து வாசலை அழகாக அடைத்தான். பாவம், அன்பைக் காட்ட அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்!

முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. "பழம் புளிக்குது!", "எங்கே போய்ச் சுத்திட்டு வர்றே?" என்று உள்ளிருந்து அர்ச்சனை நடந்தது. ஒரு மாதம் போனது. அர்ச்சனை குறைந்தது. புளித்த பழத்தையும் பேசாமல் விழுங்கினாள். 'அப்பாடா, நிம்மதியாக இருக்கிறாள்' என்று நினைத்துக்கொண்டான் அந்தப் பைத்தியக்காரன்.

ஒரு நாள் இடுக்கு வழியே பழத்தை நீட்டினான். வெண்மணி அவனை உற்றுப் பார்த்தாள்.

"தம்பி, நீ யாரு வீட்டுப் பிள்ளை? தினமும் எனக்குப் பழம் கொண்டு வர்றியே, உனக்குப் பொஞ்சாதி இல்லையா?"

செங்கண்ணனின் அலகிலிருந்த பழம் நழுவிக் கீழே விழுந்தது.

"இருக்கா..." என்றான்.

"அவளுக்குக் கொடுத்தியா?"

"கொடுத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"நல்ல பிள்ளை!" என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்று செங்கண்ணன் அழுத அழுகையைக் காடே கேட்டது. அழுது முடித்ததும் யோசித்தான். யோசித்ததில் அவனுக்கு ஒன்று தோன்றியது. 'அவளுடைய நினைவெல்லாம் இந்த இடுக்கு வழியாகத்தான் ஒழுகிப் போகிறது!' உடனே ஓடைக்குப் பறந்தான். அலகு நிறைய மண்ணை அள்ளி வந்து இடுக்கைச் சுருக்கத் தொடங்கினான்.

பக்கத்து மரத்தில் துடுக்கி என்று ஒரு மலையணில் இருந்தாள். அவளுக்கும் கிழப்பருவம்தான். ஒரு கண் மங்கல். ஆனாலும் தினமும் பத்து மரம் தாவாவிட்டால் அவளுக்குத் தீனி இறங்காது.

"என்னய்யா பண்றே?" என்று கத்தினாள்.

"அவளுக்கு என்னையே தெரியல. நினைவு ஒழுகுது. அடைக்கிறேன்!"

"அட கூறுகெட்டவனே! அவ கால் தடுமாறின அன்னிக்கு, உன்னை அடையாளம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"பழ மரங்க?"

"எல்லாமே தெரிஞ்சுது. எது எப்பப் பழுக்கும்னுகூடச் சொல்லுவா."

"இப்போ?"

செங்கண்ணன் அலகிலிருந்த மண்ணைக் கீழே போட்டான்.

"அவ பறக்கல, நடக்கல. வெயில் பார்க்கல. யார்கிட்டயும் சண்டை போடல. கால் இளைச்சுது, சிறகு இளைச்சுது. புத்தி மட்டும் கொழுகொழுன்னு இருக்குமா? அவளே மெலிஞ்சு போனவ. அவளுக்குப் போய்ச் சுவர் கட்டியிருக்கியே!"

"வெளியே வந்தா விழுந்துடுவாளே!" என்று அலறினான்.

"விழலாம். பக்கத்துல நீ எதுக்கு இருக்கே?"

செங்கண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பினான். அவன் பார்த்துப் பார்த்துப் பூசிய சுவர். காய்ந்து கல்லாகிக் கிடந்தது. திடீரென்று அந்தப் பெரிய கொம்பு அதிர அதிர அலகால் இடிக்க ஆரம்பித்தான். சாயங்காலத்துக்குள் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது.

உள்ளே வெண்மணி ஒரு பிடிதான் இருந்தாள். 

முதல் நாள் பொந்து வாசலில் வெயிலில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அடுத்த வாரம் கிளையில் நாலு அடி வைத்தாள். அவள் மேலே நடந்தால் செங்கண்ணன் கீழ்க்கிளையில் முதுகைக் காட்டிக்கொண்டு நகர்வான். ஒரு நாள் நிஜமாகவே அவள் அவன் முதுகில் விழுந்தாள். அவன் போட்ட கூச்சலில் துடுக்கி ஓடி வந்தாள்.

"விழுந்தது நானு. நீ ஏன் தம்பி கத்தறே?" என்று கேட்டாள் வெண்மணி.

இன்னும் 'தம்பி'தான். செங்கண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைத் தூக்கி நிறுத்தினான். மறுநாளும் நடந்தார்கள். போகிற வழியெல்லாம் துடுக்கி வம்பு பேசிக்கொண்டே வந்தாள். வெண்மணிக்குப் பசி எடுத்தது. காலில் கொஞ்சம் பிடி வந்தது. அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று மழைக்காலம் முடிவதற்குள் மூவரும் பழைய அத்தி மரத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

செங்கண்ணன் ஆசையாக ஒரு பழத்தைப் பறித்து நீட்டினான். வெண்மணி வாங்கிக் கடித்தாள். முகத்தைச் சுளித்தாள். தூவென்று துப்பினாள்.

"மேற்குக் கிளைப் பழம் புளிக்கும்னு எத்தனை தடவை சொல்றது, மண்டைக்கொம்பா!"

செங்கண்ணன் சிரித்தான், அழுதான், கிளையில் குதித்தான். மேற்குக் கிளைப் பழத்தையே இன்னொன்று பறித்து நீட்டி இன்னொரு திட்டும் வாங்கிக்கொண்டான்.

வெண்மணிக்குப் போனதெல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. பிள்ளைகளின் பெயர்கள் வரவே இல்லை. "இன்னிக்கு மழை வருமா?" என்று ஒரே காலையில் மூன்று தடவை கேட்பாள். செங்கண்ணன் மூன்று தடவையும் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்வான். சில நாள் அவன் மறுபடியும் 'தம்பி' ஆகிவிடுவான். அன்றைக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு அத்தி மரத்துக்குப் போவான்.

உடம்பு ஓய்ந்து முடங்கினால் நினைவும் கூடவே மங்கும். ஆகையால் தளர்ந்தவர்களை அடைத்து வைத்துக் காப்பதைவிட, கூட நடந்து காப்பதே உண்மையான அன்பு.