பன்னாடைக்கும் உட்கார்ந்த நாய்

குளக்கரைத் தென்னந்தோப்பில் செவ்வந்தி என்றோர் அணில் இருந்தாள். உயரமான தென்னை ஒன்றின் கொண்டையில் கூடு கட்டி, கண் திறக்காத மூன்று குட்டிகளை வைத்திருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். தோப்பில் தனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்பது அவள் நினைப்பு.

அந்த ஆடி மாதத்தில் தோப்பையே ஒரு பயம் பிடித்துக்கொண்டது. பச்சைப் பசேலென்று நின்ற மரமொன்றின் கொண்டை காற்றில் முறிந்து விழுந்தது. காகத்தின் கூடும் முட்டைகளும் அதோடு போயின. உள்ளே பார்த்தால் ஒரே கூழ்! சிவப்புக் கூன்வண்டு முட்டையிட்டு, அதன் புழுக்கள் குருத்தைத் தின்று தீர்த்திருந்தன. வெளியிலிருந்து பார்த்த யாருக்கும் அது தெரியவில்லை.

அடுத்தது எந்த மரமோ? செவ்வந்தி தன் குட்டிகளை நினைத்தாள். குளக்கரை நாய் சடையனிடம் ஓடினாள்.

"சடையா, கண்ணுக்குத் தெரியாதது உன் மூக்குக்குத் தெரியும். வண்டு இருக்கிற மரத்தை நீ கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

"சொல்றேன் அக்கா. எனக்கு என்ன தருவீங்க?"

"கொப்பரை."

கொப்பரை என்றதும் சடையனின் வால் தானாக ஆடியது.

மறுநாளே பாடம் தொடங்கியது. செத்த கூன்வண்டு ஒன்றைச் செவ்வந்தி தேடிப் பிடித்தாள். தென்னை மட்டையின் அடியில் சல்லடைபோல் இருக்குமே பன்னாடை, அதில் ஒரு துண்டைக் கிழித்து வண்டைப் பொதிந்தாள். அந்தப் பொட்டலத்தைப் புதரில் ஒளித்தாள், கல்லிடுக்கில் ஒளித்தாள். சடையன் மோப்பம் பிடித்துப் போய் அதன் முன்னால் உட்காருவான். உடனே ஒரு துண்டுக் கொப்பரை கிடைக்கும். ஒரு தடவைகூட அவன் தவறவில்லை.

செவ்வந்திக்குத் தலைகால் புரியவில்லை. தோப்பையே கூட்டிவிட்டாள்.

சடையன் முதல் மரத்தை முகர்ந்தான். உட்கார்ந்தான். எல்லோரும் "ஐயையோ" என்றார்கள். இரண்டாவது மரத்திலும் உட்கார்ந்தான். மூன்றாவதிலும் உட்கார்ந்தான். தோப்பில் அவன் உட்காராத மரமே இல்லை!

ஓலை நுனியிலிருந்து ஒரு கூன்வண்டு விழுந்து விழுந்து சிரித்தது. "அத்தனை மரத்துலயும் நாங்க இருக்கோமாம்! எங்களுக்கே தெரியாதுப்பா!"

காகம் வெறுப்போடு பறந்து போனது. செவ்வந்தி சடையன்மேல் பாய்ந்தாள். "என் மானத்தை வாங்கிட்டியே, மடையா!"

சடையனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க எதைக் காட்டினீங்களோ அதைத்தானே அக்கா தேடினேன்?"

"நான் காட்டினது வண்டு!"

"வண்டும் இருந்துச்சு, பன்னாடையும் இருந்துச்சு. ரெண்டுல எது வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

செவ்வந்தி வெறும் பன்னாடைத் துண்டு ஒன்றை அவன்முன் போட்டுப் பார்த்தாள். சடையன் பவ்வியமாக அதன்முன் உட்கார்ந்து கொப்பரைக்காக வாயைத் திறந்தான். தென்னை மரத்தில் பன்னாடை இல்லாமல் வேறென்ன இருக்கும்! செவ்வந்திக்கு வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

"தப்பு என்னோடதுடா சடையா. வா, முதல்லேர்ந்து படிப்போம்."

இந்த முறை ஓரிடத்தில் வெறும் பன்னாடையை ஒளித்தாள். இன்னோரிடத்தில் தன் வாசனை ஏறும்படி வாலைத் தேய்த்த இலையை ஒளித்தாள். வேறோரிடத்தில் வண்டை மட்டும் வைத்தாள். வண்டுக்கு மட்டுமே கொப்பரை. சடையன் முதலில் முறுக்கிக்கொண்டான். பசி எடுத்ததும் பிடித்துக்கொண்டான்.

மறுபடி தோப்பைச் சுற்றினார்கள். சடையன் ஒவ்வொரு மரமாக முகர்ந்தான், நகர்ந்தான். எங்கும் உட்காரவில்லை. செவ்வந்திக்கு மூச்சு வந்தது. அப்போது அவள் கூடு இருந்த மரத்தடியில் சடையன் மெல்ல உட்கார்ந்தான்.

"டேய், அது என் வீடுடா. நல்லா பாரு."

அவன் மறுபடி முகர்ந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

அந்தக் கூன்வண்டு விழுந்தடித்துக்கொண்டு பறந்து வந்தது. "அம்மா, அந்த முட்டாள் நாய் உங்க வாசனைக்கு உட்காருது! உங்க மரம் மாதிரி உறுதியான மரம் தோப்புலயே கிடையாது. குட்டிகளை அலைக்கழிக்காதீங்க!"

கேட்கக் கேட்க இனித்தது. அப்படியே நம்பிவிடலாம் என்றுதான் அவள் மனம் சொன்னது. ஆனால் அவள் வால் தேய்த்த இலையைச் சடையன் திரும்பிக்கூடப் பார்க்காததை அவளே பார்த்தவள் ஆயிற்றே. அதோடு, அன்றைக்கு அப்படிச் சிரித்த வண்டு இன்றைக்கு எதற்காகக் கெஞ்சுகிறது?

செவ்வந்தி விறுவிறுவென்று மரமேறினாள். ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்விக்கொண்டு பக்கத்து மரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். கடைசிக் குட்டியையும் இறக்கி வைத்த சிறிது நேரத்தில் ஒரு காற்று அடித்தது. பழைய வீடு இருந்த கொண்டை மடாரென்று முறிந்து குளக்கரையில் விழுந்தது. அதிலிருந்து நெளிந்த கொழுத்த புழுக்களைக் காகம் ஆற அமர உட்கார்ந்து தின்றது.

கற்றவன் தவறினால் முதலில் நம் பாடத்தைத் திருத்த வேண்டும்; திருத்திய பிறகு அவன் சொல்லும் உண்மை நமக்கே கசந்தாலும் நம்ப வேண்டும்.