செம்மறிக்குத் தைத்த ஒட்டுப் போர்வை

மலைக்காட்டில் ஒரு குளம். குளத்தங்கரையில் ஒரு நாவல் மரம். உச்சி வெயில் சாய்ந்ததும் அந்த மரத்தடியில் நாலு பேர் தையல் கூட்டம் போடுவார்கள். தையல்சிட்டு, முள்ளம்பன்றி, மந்தி, நண்டு.

தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் சாதி. அதனால் அதுதான் தலைவி. எல்லோரும் அதைச் சிட்டக்கா என்பார்கள். ஊசி எல்லாம் முள்ளம்பன்றியுடையது. தன் முதுகிலிருந்து பிடுங்கிக் கொடுக்கும். கொடுத்துவிட்டு, அந்த ஊசி யார் கையில் இருக்கிறது என்று கூட்டம் முடியும்வரை பார்த்துக்கொண்டே இருக்கும். மந்தி ஊருக்குள் போய்க் கொடியில் காயும் துணிகளை எடுத்துவரும். நண்டுதான் கத்தரி. நண்டுக்கு நேராக நடக்க வராதல்லவா? வெட்டும் பக்கவாட்டில்தான் போகும். சதுரம் கேட்டால் சாய்ந்த வீடு மாதிரி ஒரு துண்டு வரும். கோணலாக வெட்டினால்தான் நூல் பிரியாது என்று நண்டு சொல்லிவிட்டது.

அதை யாரும் மறுக்கவில்லை. மறுக்கவும் முடியாது. அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வந்து உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் தையலுக்கு ஒரு யோசனை சொல்லலாம். சொன்ன யோசனையைத் தட்டக் கூடாது. தட்டினால் சொன்னவர் முகம் சுண்டிப்போகும், மறுநாள் வரமாட்டார், கூட்டமே கலைந்துவிடும் என்று சிட்டக்காவுக்கு ஓயாத பயம்.

அந்த வழக்கப்படிதான் முன்பு கொக்குக்கு ஒரு காலுறை தைத்துக் கொடுத்தார்கள். கொக்கு ஒற்றைக் காலில்தானே நிற்கிறது, ஒன்று போதும் என்பது மந்தியின் யோசனை. கொக்கும் அதைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நன்றாக நின்றது. பிறகு காலை மாற்றிக்கொண்டது. கொக்குக்கு நன்றியே கிடையாது என்று நாலு பேரும் அதன் பிறகு அடிக்கடி பேசிக்கொண்டார்கள்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் அந்தக் கரைக்கு ஒரு செம்மறி வந்து சேர்ந்தது. ரோமம் கத்தரித்த மறுநாளே மழையில் மந்தையைத் தவறவிட்ட ஆடு. ஒட்டக் கத்தரித்திருந்தார்கள். தோல் உரித்த வேர்க்கடலை மாதிரி நின்று நடுங்கியது. மார்கழியில் இந்த மலையில் பனி எப்படி இருக்கும் என்று பயந்து பயந்து கேட்டது.

நண்டு உள்ளதைச் சொன்னது. போன மார்கழியில் குளத்தின் ஓரம் உறைந்துபோனது. ஒரு தவளை கத்துவதற்கு வாயைத் திறந்தது, அப்படியே உறைந்துவிட்டது. தை பிறந்து பனி உருகிய பிறகுதான் பாதியில் விட்ட சத்தத்தை அது முடித்தது.

செம்மறி தலைவியின் பக்கம் திரும்பியது. "அப்போ நான் இந்த மார்கழியைத் தாண்டமாட்டேன், அக்கா."

"நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றது சிட்டக்கா. "மார்கழி பிறக்கறதுக்குள்ள உனக்கு ஒரு ஒட்டுப் போர்வை. தலையிலிருந்து வால் வரைக்கும் மூடிக்கலாம்."

கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். கொக்குக்குப் பிறகு உண்மையாகக் குளிரும் ஒருவர் கிடைத்திருக்கிறார். செம்மறியை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்கள்.

தைக்கும் முன் துணியைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு சுருங்கும் என்றது நண்டு. நல்ல யோசனை. துணியைக் குளத்தில் போட்டார்கள். எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அது யோசனையில் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். புரட்டாசி பிறந்தபோது நண்டே போய்ப் பார்த்தது. ஒரு வேட்டிக்குள் மீன்கள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

பொடித் தையலாகப் போட்டால்தான் கெட்டி என்றது சிட்டக்கா. நீளத் தையலாகப் போட்டால்தான் ஊசி தேயாது என்றது முள்ளம்பன்றி. இரண்டையும் தட்ட முடியாது. ஒரு வரிசை பொடித் தையல், அடுத்த வரிசை நீளத் தையல் என்று போட்டார்கள். துணி ஒரு பக்கம் சுருங்கி ஒரு பக்கம் தொங்கியது.

"என்ன மதினி, இது போர்வையா, உழுதுபோட்ட காடா?" என்று மந்தி முள்ளம்பன்றியைக் கேட்டது. கேட்ட பிறகு, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பேன் பார்க்கப் போனது. முள்ளம்பன்றிக்கு யாரும் பேன் பார்த்ததில்லை. இரண்டு பேருமே சத்தம் போட்டார்கள்.

நூலாக வைத்திருந்த கற்றாழை நாரைத் தேன்மெழுகில் ஒரு முறை இழுத்துவிட்டால் சிக்கு விழாது என்று மந்தி சொன்னது. அதுவும் நல்ல யோசனைதான். ஆனால் மந்தி கொண்டுவந்த தேனடையில் தேன் அப்படியே இருந்தது. தேனை வழித்து எறிவது பாவம் என்று அதையும் சேர்த்தே நாரில் தடவினார்கள். மறுநாள் பார்த்தால் தையல் எல்லாம் கறுப்பாக இருந்தது. கறுப்பு நூல் எடுப்பாகத்தான் இருக்கிறது என்று நாலு பேரும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். பிறகு தையல் நகர்ந்தது. எறும்புகள் தேனைத் தின்று முடிக்கும்வரை ஐப்பசி முழுக்கக் காத்திருந்தார்கள்.

இத்தனை நாளும் செம்மறி நடுவிலேயே உட்கார்ந்திருந்தது. போர்வை எவ்வளவு வந்திருக்கிறது என்று கேட்க அதற்குக் கூச்சம். தனக்காக இத்தனை பேர் பாடுபடுகிறார்கள், அவசரப்படுத்தினால் என்ன நினைப்பார்கள்? வாயை மூடிக்கொண்டு புல்லைத் தின்றது. உடம்பில் ரோமம் முளைக்கத் தொடங்கியது.

கார்த்திகையில் முள்ளம்பன்றி ஒரு யோசனை கண்டுபிடித்தது. ஊசியைத் தரையில் வைத்தால் தொலைகிறது. செம்மறியின் முதுகில் குத்தி வைத்தால் கண்ணுக்குத் தெரியும். குத்தியும் பார்த்தார்கள். எல்லா ஊசியும் சுகமாக நின்றன. செம்மறி அசையக்கூட இல்லை. அவ்வளவு ரோமம் வளர்ந்திருந்தது. இதைவிட நல்ல ஊசிமெத்தை கிடைக்காது என்று எல்லோரும் முள்ளம்பன்றியைப் பாராட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அங்கே இரண்டு முள்ளம்பன்றிகள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

அன்று செம்மறி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வாயைத் திறந்தது. "சிட்டக்கா, எனக்கு இப்போ குளிரலை."

"இது யோசனையா?" என்று கேட்டது சிட்டக்கா.

"இல்லைக்கா. சும்மா சொன்னேன்."

"யோசனை எல்லாம் முடியட்டும். பிறகு பேசலாம்."

யோசனைகள் முடியவில்லை. மார்கழி பிறக்க இருந்தது. மேல்துணியும் கீழ்த்துணியும் ஒருவழியாகத் தயாராயின. மேல்துணியின் நடுவில் மந்தி திருடிக்கொண்டு வந்த பட்டுத் துணியில் ஒரு பெரிய தாமரை. அதை மட்டும் சிட்டக்கா பிரித்துப் பிரித்துத் தைத்திருந்தது. இனி இரண்டு துணிக்கும் இடையில் பஞ்சு வைக்க வேண்டும். இலவங்காய் பங்குனியில்தான் வெடிக்கும் என்றது நண்டு. எல்லோருக்கும் கவலையாகிவிட்டது. பங்குனிவரை செம்மறி உயிரோடு இருக்க வேண்டுமே!

அப்போது மந்தி துள்ளிக் குதித்தது. "பஞ்சு எதுக்குக்கா? பஞ்சைவிட ஆட்டு ரோமம்தான் சூடு."

"ரோமத்துக்கு எங்க போறது?"

நாலு பேரும் ஊசிமெத்தையைப் பார்த்தார்கள்.

எனக்குத்தான் ரோமம் வளர்ந்துவிட்டதே, போர்வை எதற்கு என்று சொல்லச் செம்மறிக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் யோசனையைத் தட்டக் கூடாது. போர்வையும் தன்னுடையது. ரோமமும் தன்னுடையது. தன் ரோமத்தைத் தன் போர்வைக்குத் தரமாட்டேன் என்றால் நன்றாகவா இருக்கும்? தலையை ஆட்டியது. முள்ளம்பன்றி ஊசிகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டது. நண்டு பக்கவாட்டில் நடந்து நடந்து ஒட்டக் கத்தரித்தது.

மார்கழி பிறந்த அன்று செம்மறி மறுபடியும் உரித்த வேர்க்கடலையாக நின்றது. குளத்தில் தவளைகள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தன.

அன்றைக்கே போர்வை முடிந்துவிட்டது. உண்மையில் அழகான போர்வை. கோணல் துண்டுகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஓட, நடுவில் தாமரை மட்டும் அப்போதுதான் பூத்த மாதிரி இருந்தது. நாலு பேரும் அதை நாவல் மரக் கிளையில் விரித்துத் தொங்கவிட்டுக் கண் கலங்கினார்கள்.

செம்மறியின் பற்கள் அடித்துக்கொண்டன. "போர்த்திக்கட்டுமாக்கா?"

சிட்டக்கா போர்வைக்கும் செம்மறிக்கும் நடுவில் பறந்து வந்தது. "ஈரப் பனியாச்சே, சாயம் போயிடுமே! எனக்கு ஒரு யோசனை. கொஞ்சம் பொறுத்துக்கோ. பங்குனி வெயில் வரட்டும். சூடு நல்லா ஏறினதும் போர்த்திக்கலாம்."

மற்ற மூன்று பேரும் நல்ல யோசனை என்றார்கள். கால் படாமல், பனி படாமல், அதுவரை மேலேயே தொங்கட்டும் என்றது முள்ளம்பன்றி.

செம்மறி போர்வையைப் பார்த்தது. குளத்தைப் பார்த்தது. ஓரத்தில் தண்ணீர் வெள்ளையாகிக்கொண்டு வந்தது. தன் முன்னங்கால்களைப் பார்த்தது. அவை யாருடையவோ போல ஆடிக்கொண்டிருந்தன.

"எனக்கும் ஒரு யோசனை இருக்கு" என்றது.

எல்லோரும் திரும்பினார்கள். செம்மறி யோசனை சொன்னதே இல்லை. சிட்டக்காவுக்கு முகம் மலர்ந்தது. "சொல்லு, சொல்லு. கூச்சப்படாதே. இங்க யார் யோசனையையும் தட்டமாட்டோம்."

"நடுவுல ஒரு ஓட்டை வேணும்."

"தாமரையிலயா?" என்று கேட்டது சிட்டக்கா. குரல் கீச்சென்று வந்தது.

"தாமரையிலதான்."

"எதுக்கு?"

"தலைக்கு."

சிட்டக்கா மந்தியைப் பார்த்தது. மந்தி முள்ளம்பன்றியைப் பார்த்தது. முள்ளம்பன்றி ஊசிகளை எண்ணுவது போலக் குனிந்துகொண்டது. யோசனையைத் தட்டினால் கூட்டம் கலைந்துவிடும். தட்டாவிட்டால் தாமரை போய்விடும். கடைசியில் சிட்டக்கா இறக்கையால் கண்ணை மூடிக்கொண்டு தலையை அசைத்தது. நண்டு கிளையேறி வெட்டியது. முதல் முறையாக அது வெட்டியது வட்டமாக வந்தது.

செம்மறி ஓட்டைக்குள் தலையை விட்டு ஒரு இழு இழுத்தது. போர்வை கிளையிலிருந்து இறங்கி, முதுகை மூடி, நாலு பக்கமும் தொங்கியது. தலையைச் சுற்றித் தாமரை இதழ்கள் நின்றன. பற்கள் அடிப்பது நின்றது. நாலு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டு, பனியில் மேய்ந்தபடியே மலைச்சரிவில் இறங்கிப் போனது.

"கொக்கே தேவலை" என்றது மந்தி.

முள்ளம்பன்றி ஊசிகளைத் திரும்பவும் எண்ணிவிட்டு, ஒன்று போர்வையிலேயே போய்விட்டது என்று புலம்பியது. அந்த ஊசி சரிவில் இறங்கும்போது செம்மறியின் இடுப்பில் குத்தியது. குத்தினால் குத்தட்டும் என்று அது கதகதப்பாக நடந்தது.

உதவி செய்ய உட்காருகிறவர்கள் தங்கள் கைவேலையின் அழகைப் பார்ப்பதற்கு முன்னால், எதிரே நடுங்கிக்கொண்டு நிற்பவரைப் பார்க்க வேண்டும்.