நாற்பத்தொன்பதாவது டோக்கன்

அன்று கல்யாண மண்டபத்தில் இருந்தவர்கள்: கண் டாக்டர் மரகதவல்லி, அவரிடம் கண்ணைப் படமெடுக்கக் கற்றுவந்த ஆவுடையப்பன், சொட்டு மருந்து விடும் நர்ஸ் ஜெயசீலி, கேமரா கொண்டுவந்த கம்பெனிக்காரர், டோக்கன் எழுதிய நான், சர்க்கரை நோயாளிகள் நாற்பத்தெட்டுப் பேர், அவர்களுக்குத் துணையாக வந்தவர்கள் பதினேழு பேர். ஆக எழுபது.

போன வருடம் துணைக்கு வந்தவர்கள் ஒன்பது பேர்தான்.

வரச் சொல்லியிருந்தது ஐம்பத்திரண்டு பேரை. ஆளுக்கொரு பெயர் அட்டை என்னிடம் உண்டு. வந்தவரின் அட்டையில் டோக்கன் எண்ணை எழுதி நர்ஸிடம் கொடுப்பேன். வராதவர்களின் அட்டைகள் என் சட்டைப் பையிலேயே இருந்தன.

ஆவுடையப்பன் மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்துமூன்று. டாக்டரம்மாவுக்கு நாற்பத்தொன்று. ஆனாலும் டாக்டரம்மா உள்ளே வந்தால் இவர் எழுந்து நிற்பார். வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டார்கள்.

எங்கள் டிரஸ்ட்டால் ஒரே ஒரு கேமராதான் வாங்க முடியும். வாங்கினால் பத்து வருடத்துக்கு அதுதான். எதை வாங்குவது என்பதை டாக்டரம்மா ஆவுடையப்பனிடம் விட்டிருந்தார். கம்பெனிக்காரர் நான்கு மணிக்குக் கிளம்புவார். அதற்குள் கையெழுத்துப் போட்டால் கேமரா இங்கே இருக்கும். இல்லாவிட்டால் பெட்டியோடு போய்விடும்.

மணமகள் அறையின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி இருட்டாக்கியிருந்தோம். பிற்பகல் மூன்று மணிக்குள் அங்கே நாற்பத்தேழு பேரைப் படமெடுத்து முடித்தார் ஆவுடையப்பன். பாக்கி ஒருவர். பேச்சித்தாய் என்ற அம்மாள் அப்போதுதான் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார். பஸ்ஸில் கூட்டிவர மருமகளுக்கு லீவு கிடைக்கத் தாமதமாகிவிட்டதாம். டோக்கன் நாற்பத்தெட்டு.

ஆவுடையப்பன் நோட்டுப் புத்தகத்தோடு டாக்டரம்மாவிடம் வந்தார். ஒரு பக்கத்தில் இந்தக் கேமரா. எதிர்ப்பக்கத்தில் அடுத்தது.

"அம்மா, இதை வாங்கலாமா, அடுத்ததுக்குக் காத்திருக்கலாமா?"

"அடுத்தது எப்ப வருது?"

"பங்குனியில. அஞ்சு மாசம்."

"அதுல என்ன விசேஷம்?"

"சொட்டு மருந்தே வேண்டாம். இதுக்கு மருந்து விட்டு, கண் பாப்பா விரிய அரை மணி நேரம் உக்காந்திருக்கணும். பிறகு சாயங்காலம் வரைக்கும் கிட்டப் பார்வை மங்கல். ஒரு நாள் வேலை போயிருது. புதுசுன்னா வந்ததும் எடுத்துட்டு அனுப்பிரலாம். இவங்கள்ல முக்கால்வாசிப் பேர் தினக்கூலி."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. எல்லாவற்றையும் சரிபார்த்துத்தான் எழுதியிருந்தார்.

டாக்டரம்மா நர்ஸைக் கூப்பிட்டார். "ஜெயசீலி, கண் பிரஷர் பார்த்துட்டு இவர் கண்ணுக்கும் சொட்டு விடு."

"சாருக்குமா? எதுக்கும்மா?"

"கேள்வி கேட்டிருக்கார்."

ஆவுடையப்பன் மறுபேச்சில்லாமல் கண்ணாடியைக் கழற்றினார். நான் டோக்கன் எழுதினேன். நாற்பத்தொன்பது.

"எரியும் சார். அழுதா நான் பொறுப்பில்ல" என்றாள் ஜெயசீலி.

மருந்து விட்டதும் அவரைக் கொண்டுபோய்ப் பேச்சித்தாயின் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பேச்சித்தாய் கேட்டார். "பக்கத்துல யாரு? ஆம்பிள மாதிரித் தெரியுது."

"ஆவுடையப்பன். படம் எடுக்கிறவன்."

"அட, அண்ணாச்சியா? எங்களையெல்லாம் உக்கார வச்சுட்டுக் கடைசியில நீங்களும் நம்ம வரிசைக்கே வந்துட்டீகளாக்கும்." சிரித்தார். "போன வருசம் என்கிட்ட, புது மிசினு வரும், வந்ததும் கூப்பிடுதோம்னு சொன்னீகளே, அந்தக் குரல்தானே?"

ஆவுடையப்பன் கண்ணைத் திறந்தார்.

போன ஐப்பசியில் இதே மண்டபத்துக்கு இதே கம்பெனிக்காரர் இதற்கு முந்தைய கேமராவோடு வந்திருந்தார். இன்னும் தெளிவாக எடுக்கும் ஒன்று வரப்போகிறது என்று ஆவுடையப்பன் காத்திருக்கச் சொன்னார். அவர் காத்திருந்தது இன்று உள்ளே மேசையில் இருக்கும் கேமராவுக்குத்தான். பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டு, ஐம்பத்திரண்டு பேருக்கும் நகரத்து ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். ஒருவரும் போகவில்லை.

"பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டுக் கொடுத்தோமேம்மா" என்றார் ஆவுடையப்பன்.

"குடுத்தீக. ரெண்டு பஸ் மாறணும். யாரு கூட்டிட்டுப் போவா?"

அவர் நோட்டை விரித்து முகத்துக்கு நேரே பிடித்தார். தள்ளிப் பிடித்தார். கையை முழுக்க நீட்டிப் பார்த்தார். மூடிவிட்டார்.

"இந்த மருந்து விட்டா இன்னிக்கு முழுக்க வேலை பார்க்க முடியாது. தெரியுமில்லம்மா?" என்றார்.

"அந்த நர்சுப் பொண்ணும் அதையேதான் சொல்லி வருத்தப்பட்டுச்சு. டெய்லர் கடைக்கு ஜாக்கெட்டு ஹூக்கு தைக்கிற வேல அண்ணாச்சி எனக்கு. ஒரு நாளைக்கு முப்பது ஜாக்கெட்டு தைப்பேன்."

"அதைத்தான் சொல்றேன். இன்னிக்கு அது போச்சே."

"இன்னிக்கா? ஊசியில நூல் கோக்க முடியாமப் போய் நாலு மாசமாச்சு. மொதல்ல இந்த மருமக கோத்துக் குடுத்தா. அப்புறம் ஹூக்கே தெரியல. வலப்பக்கம் வைக்கிறத இடப்பக்கம் வச்சுத் தச்சுட்டேன். டெய்லரு, ‘ஆச்சி, இனி நீங்க ரெஸ்ட் எடுங்க’ன்னுட்டான். ரெஸ்டாம்ல ரெஸ்டு."

மருமகள் வேறு பக்கம் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு நிமிடம் ஆனது.

மணமகள் அறைக்குள் நுழையும்போது பேச்சித்தாய், "என் கல்யாணத்துக்கு இப்படித் தனி ரூம்பெல்லாம் கிடையாது" என்றார். ஆவுடையப்பனும் கூடவே வந்தார். அவரால் இப்போது எடுக்க முடியாது. டாக்டரம்மாவே உட்கார்ந்து எடுத்தார். வலது கண் ஒன்று, இடது கண் ஒன்று.

திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம் வந்தது.

"எனக்குச் சரியாத் தெரியலம்மா. என்ன இருக்கு?" என்றார் ஆவுடையப்பன்.

"வலது கண்ணுல ரத்தம் கசிஞ்சு நடுவுல நிக்குது. இடதுல ஓரத்துலதான். நடு இன்னும் நல்லா இருக்கு." பிறகு பேச்சித்தாயிடம் சொன்னார். "இடது கண்ணைக் காப்பாத்திரலாம் ஆச்சி. செவ்வாய்க்கிழமை லேசர் வைக்கணும். வண்டி அனுப்புறேன்."

"வலது?"

"அதுல இருக்கிறது குறையாமப் பார்ப்போம்."

"ஒத்தக் கண்ணு போதும். ஹூக்குக்கு ஒரு கண்ணு, அது மாட்டுற கண்ணிக்கு ஒரு கண்ணுன்னா வச்சிருக்கு" என்றார் பேச்சித்தாய். மருமகள் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்.

"போன வருஷமே எடுத்திருந்தா அம்மா?"

"போன வருஷப் படம் நம்மகிட்ட இல்லையே, ஆவுடையப்பன்."

ஆவுடையப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். கம்பெனிக்காரர் பெட்டியைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். மணி மூன்று ஐம்பது.

"பெட்டியை மூடுங்க. கேமரா இங்கேயே இருக்கட்டும். எங்க கையெழுத்துப் போடணும்?"

"சார், நீங்க பழகினவங்க, சொல்லிர்றேன். பங்குனியில புதுசு வரும். பிறகு என்னைத் திட்டக்கூடாது."

"வரட்டும். அன்னிக்கு உங்களுக்கு டீ வாங்கித் தாரேன். எந்த இடம்னு விரலை வச்சுக் காட்டுங்க, எனக்குத் தெரியல."

கம்பெனிக்காரர் விரலை வைத்தார். ஆவுடையப்பன் உட்கார்ந்து, விரலுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கோடு தாண்டிப் போனது. அவர் கையெழுத்துக் கோணி நான் அன்றுதான் பார்த்தேன்.

டாக்டரம்மா அங்கே வந்தார். ஆவுடையப்பன் எழுந்து நின்றார்.

"ஒரு வருஷம் தள்ளிப் போட்டவன் நான்தாம்மா."

"சரின்னு சொன்னவ நான்."

"இப்ப என்ன செய்யட்டும்?"

டாக்டரம்மா என் பக்கம் கையை நீட்டினார். என் சட்டைப் பையில் இருந்த அட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். அவற்றை அவர் ஆவுடையப்பனின் உள்ளங்கையில் வைத்தார்.

ஆவுடையப்பன் ஒன்றை உயர்த்திக் கண்ணருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார்.

"பேரு தெரியலம்மா."

"பேரை நான் படிக்கிறேன். வண்டியும் நான் ஓட்டுறேன். கேமராவை மடியில வச்சுக்கிட்டு நீங்க முன்னாடி உக்காருங்க. இன்னும் எத்தனை வீடுன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் கட்டைவிரலால் ஒவ்வோர் அட்டையாகத் தள்ளினார். ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பிரித்துப் பார்த்து, முதலிலிருந்து மறுபடி எண்ணினார்.

"நாலு" என்றார்.