தோல்வியே காணாத கொழிஞ்சாவடி

கொழிஞ்சாவடிக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்வது நியாயமில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் அவர்கள். அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கபடிக் கதையைக் கேட்டால் போதும்.

பன்னிரண்டு வட்டங்களுக்கும் சேர்த்து வருஷத்துக்கு ஒருமுறை பெரிய திடலில் கபடிப் போட்டி நடக்கும். பன்னிரண்டு அணிகள் ஆடும். ஆட்டம் தொடங்குமுன் மைக்கில் ஒவ்வொரு ஊராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கொழிஞ்சாவடி கபடிக் குழுவின் செயலாளர் பரஞ்சோதி பத்தொன்பது வருஷமாக அந்தத் திடலுக்குப் போய் வேலியோரம் நின்று கேட்டுவிட்டு வந்தார். எல்லா ஊர்ப் பெயரும் வரும். கொழிஞ்சாவடி மட்டும் வராது.

அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் நிற்கிற மச்சினனைத்தான் பொறுக்க முடியவில்லை. மச்சினன் தியாகேசன் பெரியவிளாகம் அணியின் மேலாளர். பெரியவிளாகம் போன வருஷத்துச் சாம்பியன். மைக்கில் அந்தப் பெயர் வந்ததும் தியாகேசன் மீசையைத் தடவிக்கொண்டு, "மச்சான், உங்க ஊரு பேரு எப்ப வரும்?" என்று கேட்பார். பத்தொன்பது வருஷமும் இதே கேள்வி. பரஞ்சோதி வீட்டுக்கு வந்தால் மனைவியும் அதையே கேட்பாள். அவர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிட மாட்டார்.

இந்த வருஷம் போட்டிப் பேரவையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பன்னிரண்டு இடங்களில் பதினொன்று பெரிய வட்டங்கள் மூன்றுக்கும் போக, மீதி ஒன்று சின்ன வட்டங்களுக்கு என்று எழுதியிருந்தது. சின்ன வட்டங்கள் மொத்தம் ஒன்பது. ஒன்பதுக்கும் சேர்த்து ஓர் இடம். இதற்குப் பேரவை வைத்திருந்த பெயர் சமவாய்ப்பு.

அந்த ஓர் இடத்துக்கும் மூன்று நிபந்தனைகள். அணி இந்த வருஷம் ஓர் ஆட்டத்திலும் தோற்றிருக்கக் கூடாது. பலம் வாய்ந்த எதிரிகளோடு ஆடியிருக்க வேண்டும். பார்த்தால் சாம்பியன் அணி போல் தெரிய வேண்டும்.

பரஞ்சோதி கடிதத்தைப் பள்ளிக்கூட மரத்தடியில் உரக்கப் படித்தார். அணித் தலைவன் உத்திராபதியும், எந்த விஷயத்தையும் ஆழமாக யோசிக்கக்கூடியவர் என்று ஊரில் பெயரெடுத்த வைரக்கண்ணுவும் கைகட்டிக் கேட்டார்கள். வைரக்கண்ணுவுக்கு ஏழு எருமைகள். அவற்றை மேய்க்கும் நேரத்தில்தான் அவர் யோசிப்பது.

"நம்ம வட்டத்துல நாலு ஊரு இருக்கு. ஒரு ஊரு தோக்காம இருக்கணும்னா மத்த மூணும் தோக்கணும்" என்றார் வைரக்கண்ணு.

"மூணு ஊர்க்காரங்களையும் கூப்பிட்டுப் பேசிரலாம்ணே" என்றான் உத்திராபதி.

பேசினார்கள். மற்ற மூன்று ஊர்க்காரர்களும் நல்ல மனசுக்காரர்கள். வட்டத்தின் மானம் காக்கத் தோற்கத் தயார் என்று ஒரே குரலில் சொன்னார்கள். யார் ஜெயிப்பது என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை. அவரவர் ஊருக்குப் போய், தோற்பது நம் கடமை என்று தங்கள் பையன்களுக்குப் புத்தி சொன்னார்கள். தியாகத்தில் நாம் மட்டும் குறைந்துபோவதா என்று கொழிஞ்சாவடியும் அதே முடிவுக்கு வந்தது.

வட்டப் போட்டி தொடங்கியது. பாடிப் போனவன் எதிரணிக்காரன் மடியில் போய் உட்கார்ந்து மூச்சை விட்டான். எதிரணிக்கு ஒரு புள்ளி. உடனே எதிரணியில் ஒருவன் தானாகக் கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றான். இந்த அணிக்கு ஒரு புள்ளி. ஒருவர் கொடுத்த புள்ளியை மற்றவர் கடன் வைக்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று. அடுத்த ஆட்டம் முப்பத்தாறுக்கு முப்பத்தாறு. ஆறு ஆட்டமும் சமனாக முடிந்தன. நடுவர் விசிலை அங்கேயே வைத்துவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவில்லை.

பரஞ்சோதி கணக்குப் போட்டுப் பார்த்தார். நான்கு ஊரில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. ஒரு தோற்காத அணி கேட்ட பேரவைக்கு நான்கு கிடைத்துவிட்டது என்று அவருக்கு ஒரே பெருமை.

அடுத்து, பலம் வாய்ந்த எதிரி. பரஞ்சோதி வெட்கத்தை விட்டு மச்சினனிடமே போனார்.

"உங்க அணியோட ஒரு ஆட்டம் ஆடணும் மாப்ள."

"உங்ககூட ஆடி ஜெயிச்சா எங்களுக்கு என்ன மதிப்பு? மொதல்ல பெரிய அணியா ஆகிட்டு வாங்க மச்சான்" என்றார் தியாகேசன்.

"பெரிய அணியா ஆகறது எப்படி?"

"பெரிய அணிங்களோட ஆடி ஜெயிக்கணும்."

"அவங்க எங்ககூட ஆடுவாங்களா?"

"நீங்க பெரிய அணியா இருந்தா ஆடுவாங்க."

இவ்வளவு தெளிவாக யாரும் தனக்கு வழி சொன்னதில்லை என்று பரஞ்சோதி நன்றி சொல்லிவிட்டு வந்தார். பாதி வழி வந்த பிறகுதான் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்க மறந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய்க் கேட்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

வைரக்கண்ணு எருமைகளை ஓட்டிக்கொண்டு போய் ஒரு நாள் முழுக்க யோசித்தார். சாயங்காலம் விடையோடு வந்தார்.

"கடுதாசியில பலம் வாய்ந்த எதிரின்னுதானே போட்டிருக்கு. மனுசன்னு போடலையே. நம்ம ஊருல ரொம்பப் பலம் யாருக்கு?"

மூன்று பேரும் எருமைகளைப் பார்த்தார்கள். ஏழு எருமை. கபடிக்கும் ஏழு பேர். எண்ணிக்கை பொருந்தியதும் சந்தேகம் தீர்ந்துபோனது.

"எருமை ஜெயிச்சிருச்சுன்னா? நாம தோக்கக் கூடாதுல்ல?" என்றான் உத்திராபதி. அணித் தலைவனுக்கு இந்தக் கவலை வருவது முறைதான்.

"ஜெயிக்கணும்னா அது கபடி கபடின்னு பாடிக்கிட்டு நம்ம பக்கம் வரணும். அதுங்களுக்குப் பாட்டு அவ்வளவா வராது" என்றார் வைரக்கண்ணு. வளர்த்தவருக்குத் தெரியாதா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டம். எருமைகள் தங்கள் பக்கத்தில் ஒழுங்காக நின்றன. நம்மவர்கள் பாடிப் போய் முதுகைத் தொட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஓர் எருமை மட்டும் கோட்டைத் தாண்டி வந்து, "ம்ம்மா" என்றது. கபடி என்று சொல்லாததால் பரஞ்சோதி விசில் ஊதி அதை அவுட் என்றார். பிறகு உத்திராபதி தொடப் போன நேரம் பார்த்து இன்னொன்று அவன் கால்மேல் தன் காலை வைத்துக்கொண்டு அசை போட்டது. நல்ல பிடி என்று ஒப்புக்கொண்டு எருமைகளுக்கும் ஒரு புள்ளி கொடுத்தார்கள். முப்பத்தெட்டுக்கு ஒன்று. விண்ணப்பத்தில், எதிரணி எருமைகள், சராசரி எடை நானூறு கிலோ என்று பரஞ்சோதி உள்ளது உள்ளபடி எழுதினார். நான்கு ஊரில் பலமான எதிரியோடு ஆடியது கொழிஞ்சாவடி மட்டும்தான் என்பதால் மற்ற மூன்று ஊரும் சந்தோஷமாக விலகிக்கொண்டன.

மூன்றாவது நிபந்தனை பாக்கி. சாம்பியன் அணி பார்க்க எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஏழு பேரும் பெரியவிளாகத்துக்குப் பஸ் ஏறிப் போய், அவர்கள் பயிற்சி செய்வதை மதில்மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவன் முழங்காலில் கட்டு. ஒருவன் புருவத்தில் பிளாஸ்திரி. ஒருவன் நொண்டினான். திரும்பி வந்ததும் மருந்துக்கடையில் இருந்த கட்டுத்துணி முழுவதையும் வாங்கினார்கள். உத்திராபதிக்கு மட்டும் கால் நிஜமாகவே வீங்கியிருந்ததால் அவன்தான் எல்லோரையும்விட அசல் சாம்பியனாகத் தெரிந்தான்.

பேரவையிலிருந்து தெய்வசிகாமணி என்ற அதிகாரி அணியைப் பார்வையிட வந்தார். தலையிலிருந்து கால்வரை கட்டுப் போட்ட ஏழு பேர் வரிசையாக நொண்டிக்கொண்டு வந்து வணக்கம் சொன்னார்கள். விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"ஒரு ஆட்டத்துலயும் தோக்கலையா?"

"இல்லிங்க."

"எருமைகள்னு போட்டிருக்கீங்களே, அது எந்த ஊரு அணி?"

"நம்ம வைரக்கண்ணு வீட்டு அணிதாங்க. தாயும் பிள்ளைங்களுமா ஏழு பேரு" என்றார் பரஞ்சோதி.

சிங்கங்கள், சிறுத்தைகள் என்று பெயர் வைத்துக்கொள்ளும் அணிகளைப் பார்த்துப் பழகிய தெய்வசிகாமணி, எடைக் கட்டத்தில் ஒரு சைபர் கூடுதலாக விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மற்ற எட்டுச் சின்ன வட்டங்களிலும் எல்லா அணியும் ஒரு ஆட்டமாவது தோற்றிருந்தன. அவருக்கும் வேலை சீக்கிரம் முடிய வேண்டியிருந்தது.

"உங்களையே எடுத்துக்கிறோம். முதல் ஆட்டம் பெரியவிளாகத்தோட. உங்ககூட ஆடினா அவங்களுக்குக் களைப்பே தெரியாது. அதுக்குத்தான் இந்த ஏற்பாடு" என்று மனசில் இருந்ததை அப்படியே சொன்னார்.

நம் பையன்களின் நல்ல குணம் பேரவைவரை தெரிந்திருக்கிறதே என்று பரஞ்சோதிக்குக் கண் கலங்கியது. அன்றிரவு மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

போட்டி நாள் காலையில் வேனில் போய்த் திடலுக்கு வெளியே இறங்கினார்கள். உத்திராபதி பேரவை அனுப்பியிருந்த தேர்வுக் கடிதத்தை இன்னொருமுறை படித்துப் பார்த்தான். படித்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"அண்ணே, தோல்வியே காணாத அணி என்பதால் உங்களைத் தேர்ந்தெடுத்துள்ளோம்னு போட்டிருக்கு."

"ஆமா. அதுக்கென்ன?"

"உள்ள போயி ஆடித் தோத்துட்டோம்னா, நாம தோல்வி கண்ட அணி ஆயிருவோமே. அப்புறம் எந்தத் தகுதியில நாம இங்க ஆடறது?"

வேன் நிழலில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். விஷயம் சிக்கலானது.

"நம்பிக் கூப்பிட்டவங்களைப் பொய்யாக்குற மாதிரி ஆயிரும்" என்றார் வைரக்கண்ணு.

"ஜெயிச்சிட்டா?" என்று ஒருவன் கேட்டான். அவனை எல்லோரும் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"ஆடாமலே இருந்தா தோத்ததா எழுதிர மாட்டாங்களா?" என்றார் பரஞ்சோதி. அவருக்குப் பத்தொன்பது வருஷம் காத்திருந்து வேன் நிழலோடு முடிந்துவிடுமோ என்ற பயம்.

"அதெப்படிண்ணே? தோக்கறதுன்னா ஆள் அங்க இருக்கணும்ல. இல்லாத ஆளை யாரு தோக்கடிக்க முடியும்?" என்றார் வைரக்கண்ணு.

தகுதியைக் காப்பாற்ற அணி வேனிலேயே இருப்பது என்றும், செயலாளர் மட்டும் போய் ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு வருவது என்றும் முடிவானது.

பரஞ்சோதி வழக்கமான இடத்தில் வேலியோரம் போய் நின்றார். மச்சினன் பக்கத்தில் வந்து நின்றார்.

"பெரியவிளாகம் அணி மைதானத்துக்கு வரவும்" என்றது மைக். ஏழு பேரும் ஓடி வந்து நின்றார்கள். தியாகேசன் மீசையைத் தடவினார்.

"கொழிஞ்சாவடி அணி மைதானத்துக்கு வரவும்."

பரஞ்சோதி கண்ணை மூடிக்கொண்டார். ஒலிபெருக்கி வழியாகக் கேட்கும்போது ஊர்ப் பெயர் இவ்வளவு நீளமா என்று இருந்தது. யாரும் வரவில்லை.

"கொழிஞ்சாவடி அணி. இரண்டாவது அழைப்பு."

அவர் கண்ணைத் திறந்தார்.

"கொழிஞ்சாவடி. மூன்றாவது, கடைசி அழைப்பு." மூன்று அழைப்புக்கும் வராவிட்டால் அணியை நீக்கிவிடுவது விதி. நீக்கியும்விட்டார்கள். ஆனால் மைக்காரருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "யோவ், கொழிஞ்சாவடிக்காரன் ஒருத்தனாச்சும் வந்திருக்கீங்களாய்யா?"

பரஞ்சோதி கையில் நான்கு விரல் விரிந்திருந்தது. கண்ணீரைத் துடைக்காமலே மனைவிக்குப் போன் போட்டார். "கேட்டியா? நமக்கு நாலு தடவை. உங்க ஊருக்கு ஒரே ஒரு தடவைதான். கூப்பிட்டதும் ஓடிவந்துட்டாங்க, பாவம்."

பிறகு மச்சினனின் தோளில் கை போட்டு, "மனசுல வச்சுக்காதீங்க மாப்ள. அவசரப்பட்டுட்டீங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வேனுக்குப் போனார். பையன்கள் வெடி வெடிக்க, வேன் ஊருக்குக் கிளம்பியது.

தியாகேசன் வேலியோரமே நின்றார். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. பத்தொன்பது வருஷமாகப் பெயர் வராத ஊருக்கு நான்கு, போன வருஷத்துச் சாம்பியனுக்கு ஒன்று. இதை வைத்துக்கொண்டு அக்கா முகத்தில் எப்படி விழிப்பது.

அடுத்த சுற்றுக்குப் பெரியவிளாகத்தைக் கூப்பிட்டபோது அணி எழுந்தது. தியாகேசன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

"உக்காருங்கடா. அஞ்சு தடவை கூப்பிடட்டும்" என்றார்.

இரண்டாவது அழைப்பும் வந்தது, மூன்றாவதும் வந்தது. மைக்காரர் பெரியவிளாகத்தின் பெயரை அடித்துவிட்டு, வேறு இரண்டு ஊர்களைக் கூப்பிட்டு ஆடவிட்டு, ஜெயித்தவர்களுக்குக் கோப்பையும் கொடுத்து, மைக்கைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். தியாகேசன் மூன்று விரலை மடக்கிப் பிடித்தபடி, மீதி இரண்டுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.