கிணற்றை மூடியவர்கள்

மலைமேல் சடையப்பர் மடம் இருந்தது. மலைக்கு வடக்கே ஒரு நாடு, தெற்கே ஒரு நாடு. மடம் இரண்டுக்கும் சொந்தமில்லை. அந்த வருஷம் சுனை வற்றிப்போனதால் இடம் மாற வேண்டியிருந்தது. எந்த நாட்டில் போய்க் குடியிருக்கலாம் என்று பார்த்து வரச் சொல்லி, சீடன் மாசிலாமணியை அனுப்பினார் சடையப்பர்.

அவன் திரும்பி வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. மடத்தில் அவனோடு வளர்ந்த பேச்சிமுத்துதான் வாசலில் நின்றான். சும்மா இருக்கத் தெரியாத வாய்.

"என்னடா, ரெண்டு நாட்டுலயும் சோறே போடலயா?"

"போட்டாங்கடா. அதான் தொண்டையில இறங்கல."

"அப்ப என் கஞ்சியைக் குடி. இதுவும் இறங்காது. ஆனா உனக்குப் பழகினது."

மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. செம்பை வாங்காமலே உள்ளே போய்க் குருவின் முன்னால் உட்கார்ந்தான்.

"வடக்கே என்ன பார்த்தே?"

"ராஜா ஆள்ற நாடு, சாமி. ஒரு ஊருக்கு இருக்கிறதே ஒரு கிணறுதான். அதிகாரி குதிரையில வந்தான். 'இதை மூடுங்க'ன்னான். குதிரையை விட்டு இறங்கக்கூட இல்ல. ஊரே மண்வெட்டியோட வந்துடுச்சு. தண்ணி எடுக்க வந்த ஒருத்தி, அந்தக் குடத்துலயே மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டினா. இடுப்புல கைக்குழந்தை வேற."

"ஏன்னு நீ கேட்டியா?"

"கேட்டேன். 'ஐயா சொல்லிட்டாங்கல்ல'ன்னா. அவ்வளவுதான்."

"தெற்கே?"

"அங்கே ராஜா இல்லைன்னு சந்தோஷமாப் போனேன். சபை வச்சு ஆள்றாங்க. எதுன்னாலும் எல்லாரும் கை தூக்கணும். ஒரு தறிக்காரனை ஊரை விட்டுத் துரத்தணும்னு தலைவர் சொன்னார். என்ன குத்தம்னு சொல்லல. கையெல்லாம் மேலே போச்சு. அவன்கூடப் பிறந்த அண்ணன் சுத்திமுத்தும் பார்த்தான். அவனும் தூக்கிட்டான்."

மாசிலாமணி தன் வலது கையைத் தூக்கிக் காட்டினான்.

"நான் தங்கியிருந்தது அந்த அண்ணன் வீட்டுலதான், சாமி. தூக்கின கையாலயே எனக்குச் சோறு போட்டான். 'இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா'ன்னு கேட்டான்."

மாசிலாமணி குருவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"ரெண்டு நாடும் வேண்டாம். இங்கேயே இருப்போம். அடிவாரத்துலேர்ந்து நான் தண்ணி சுமக்கிறேன். எப்படிச் சாமி மனுஷங்க இப்படி இருக்காங்க?"

சடையப்பர் வாசல் பக்கம் திரும்பினார்.

"பேச்சிமுத்து இனிமே இங்கே இருக்க வேண்டாம். கிளம்பச் சொல்லு."

மாசிலாமணி நிமிர்ந்தான். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். குரு சொல்லுக்கு மறுசொல் இல்லை என்று, மடத்தில் சேருகிற அன்றே ஒவ்வொருவனும் சுனையில் கை நனைத்துச் சத்தியம் செய்வது வழக்கம். அவனும் செய்தவன்தான்.

எழுந்து போனான். சீக்கிரமே திரும்பி வந்தான். கண் சிவந்திருந்தது.

"சொல்லிட்டேன், சாமி."

"போயிட்டானா?"

"போயிட்டான். வாசல்ல விழுந்து கும்பிட்டுட்டுப் படியிறங்கிட்டான்."

"நீ ஏன்னு என்னைக் கேட்கலியே?"

"நீங்க சொன்னா அதுல ஏதாவது..."

பாதியிலேயே நிறுத்தினான். குருவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான்.

"சரி, நீ கேட்கல. அவன் கேட்டானா?"

"இல்ல, சாமி."

"உன்கிட்டக்கூடவா?"

"ஒரு வார்த்தை பேசல."

சடையப்பரின் முகம் வெளுத்துப்போனது. இத்தனை வருஷத்தில் மாசிலாமணி அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"அந்த வாயாடிப் பய கேட்பான்னு நினைச்சேனே," என்றார். சொல்லும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"உட்காருங்க, சாமி. நான் ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்துடறேன். ரொம்ப தூரம் போயிருக்க மாட்டான். கூப்பிட்டா வந்துடுவான்."

"வருவான்டா," என்றார் சடையப்பர். "அதையும் ஏன்னு கேட்காமத்தான் வருவான்."