மரமில்லாத சட்டம்

முன்னொரு காலத்தில், போர் ஏதும் வராததால் அரசனுக்குப் பொழுதே போகாத ஒரு நாடு இருந்தது. அந்த அரசன் மகுடவர்மன் ஒருநாள் காலை, கொலுமண்டபச் சுவரில் மாட்டியிருந்த தன் தாயாரின் ஓவியத்தை அண்ணாந்து பார்த்தான். பார்த்தவன் அலறினான்.

"அம்மாவின் மூக்குத்தி எங்கே?"

திருடன் யாரும் வரவில்லை. மெல்லிய தங்கத் தாளான ரேக்கு ஒட்டிச் செய்த மூக்குத்தி உதிர்ந்துபோயிருந்தது. உதிர வைத்தவர் அலங்கார மந்திரி பூவராகர். தினமும் ஈரத்துணியால் ராஜமாதாவின் முகத்தை அழுத்தித் துடைப்பார். பிறகு மூக்குக்கு நேராகச் சாம்பிராணி போடுவார். பக்தி அப்படி. படத்தைச் சுற்றியிருந்த மரச்சட்டத்தைக் கரையான் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருந்தது.

"உடனே இதற்குச் சட்டம் போட வேண்டும்!" என்றான் அரசன்.

பூவராகருக்கு விகடகவி இளநம்பியைக் கண்டாலே வயிறு எரியும். பணிவாக எழுந்தார்.

"மன்னர் பெருமானே, மரம் போட்டால் கரையான் வரும். பித்தளை போட்டால் களிம்பேறும். கண்ணாடி போட்டால் வேர்த்து ஓவியத்தோடு ஒட்டிக்கொள்ளும். இவை மூன்றும் இல்லாமல் சட்டம் போட நம் இளநம்பி ஒருவனால்தான் முடியும்."

"அருமை! இளநம்பி, நாளைக் காலைக்குள் போடு. முடியாவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்பு."

அரண்மனை நெய்ப்பொங்கலைப் பிரிய இளநம்பிக்கு மனமில்லை. சற்று யோசித்தான்.

"நான் போடப்போவது தங்கள் பெயரில்தானே, அரசே?"

"சந்தேகமென்ன? நீ போடும் சட்டம் என் சட்டம்!"

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. ஓவியம் சன்னல் வெயிலை விட்டு உள்சுவருக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான். சுற்றிலும் ஒன்றுமில்லை.

"சட்டம் எங்கேயப்பா?" பூவராகருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இங்கேயா? இல்லை, இங்கேயா?" என்று ஓவியத்தின் விளிம்பைத் தடவித் தடவித் தேடினார்.

"காவலரே, பிடியுங்கள் இவரை!" என்றான் இளநம்பி.

"என்னையா? எதற்கடா?"

"விடியற்காலையிலேயே முரசறைந்து சட்டம் போட்டாயிற்று, அரசே. ராஜமாதாவின் ஓவியத்தை எவரும் தொடக் கூடாது, துடைக்கக் கூடாது, அதன் முன் புகை போடக் கூடாது. மீறுபவர் ஓராண்டு மயிற்பீலி பிடித்து அங்கே பூச்சி விரட்ட வேண்டும். மரமில்லை, பித்தளையில்லை, கண்ணாடியுமில்லை. ஊரே கேட்டது. மந்திரியார் எண்ணெய்க் குளியலில் இருந்தார் போலும்."

"அடப்பாவி, நான் சொன்னது அந்தச் சட்டமா?" என்றான் அரசன். ஆனாலும் அம்மா இனித் தப்பித்தாள் என்று அவனுக்குப் புரிந்தது. உருகிப்போய், அவள் கன்னத்தை வருடக் கை நீட்டினான்.

"அரசே, கை!"

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. இளநம்பி வணங்கிச் சொன்னான்.

"சட்டமென்றால் நாலு பக்கமும் சரியாக நிற்க வேண்டும், அரசே. ஒரு பக்கம் மட்டும் விலகிக்கொடுத்தால் படம் விழுந்துவிடும்."

மகுடவர்மன் கையை இழுத்துக்கொண்டான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்ததும் கழுத்து முத்துமாலையைக் கழற்றி இளநம்பிக்குப் போட்டான்.

பூவராகர் மயிற்பீலியை வாங்கிக்கொண்டு படத்தருகே நின்றார். நின்று ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார்.

"ஐயா, மூச்சின் ஈரம் படத்துக்கு ஆகாது" என்றான் இளநம்பி. "கொஞ்சம் தள்ளி நின்று வருத்தப்படுங்கள்."